உடைய வேண்டிய திருகு

லாபிஸ் பெரிய சாலையில்
கைப்பேசிக் கடைக்கு மேல்மாடி, எங்கள் கண்ணாடிக் கடை.
செம்பனை எண்ணெய் லாரி போகும்போதெல்லாம்
எழுத்துப் பலகையின் கடைசி வரி நடுங்கும்.
லாரி போகட்டும் என்பேன்.
போனபிறகும் பலர் தப்பாகத்தான் வாசிப்பார்கள்.

சத்தியசீலன் தலைக்கவசத்தை
நங்காப் பழம்போல் கட்டிப்பிடித்துக்கொண்டு படியேறினான்.
ஆலையில் எடைமேடைக் கணக்கன்.
ஞாயிறுகளில் விமானத்திலிருந்து
குதிக்கிறவர்களோடு கூடவே குதித்து
அவர்கள் முகத்தைப் படம்பிடிக்கிறவன்.
முகத்தை என்று சொன்னது அவன்தான்.
காட்டிய காணொளியில்
ரொஹானி டீச்சருக்குத் தலையே இல்லை.
நாற்பது விநாடியும் காலணியின் அடிப்புறம்.
விலைச்சீட்டு இன்னும் உரிக்கப்படாமல்
பத்தாயிரம் அடி உயரத்தில்.
“காசைத் திருப்பிக் கேக்குறாங்க, மிஸ்.”

கேமரா உச்சந்தலையில்.
கண் அதற்கு ஒரு சாண் கீழே.
கையில் பிடித்துக் குறிபார்க்கலாம் என்றால்
கையும் அங்கே இறக்கைதான்.
அதனால் ஒரு கண்ணுக்கு முன்னால், வளைந்த கம்பியில்,
ஐம்பது காசு அகலத்துக்கு ஒரு வில்லை.
அதற்குள் வளையங்கள்.
தொட்டுப் பார்த்தேன், வில்லையில் ஒரு கோடும் இல்லை.
கண்ணருகே கொண்டுபோனால்
எதிர்ச் சுவரையும் தாண்டி எங்கோ மிதக்கின்றன.
பதினோரு வருடமாக லென்சு வெட்டுகிறேன்,
கடைத் துணியால் அதைத் துடைக்க எனக்கே கூச்சமாக இருந்தது.

“ரெண்டு கையையும் நீட்டி, நடுவில் ஓட்டை வை.
அது வழியா என் மூக்கைப் பாரு.”
பார்த்தான்.
ஓட்டைக்குள் தெரிந்தது அவனது இடது கண்.
எட்டு மாதமாக வில்லையை
வலது பக்கம் மாட்டியிருக்கிறான்.

கீழ்க் கடை ஜேசனைக் கூப்பிட்டு
மூன்று மீட்டர் தள்ளி நிறுத்தினோம்,
நெற்றியில் வெள்ளை டேப்பால் பெருக்கல் குறியோடு.
சத்தியசீலன் வளையத்தின் நடுவில்
அந்தப் பெருக்கலைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருக்க
நான் சின்னத் திரையைப் பார்த்துக் கேமராவைச் சாய்த்தேன்.
கொஞ்சம் கீழே. இன்னும்.
ஐயோ, தாண்டிட்டேன்.
லாரி.
மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம்.

கம்பியை இறுக்க என் பெட்டியிலிருந்து
நல்ல எஃகுத் திருகாக எடுத்தேன்.
கையைப் பிடித்துவிட்டான்.
“இரும்பு வேணாம் மிஸ்.
குடைக் கயிறு இதுல மாட்டுச்சுன்னா
இது உடையணும். உடையலன்னா என் கழுத்து.”

என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும்
உடையாததைத்தான் கேட்பார்கள்.
காற்றுக்குத் தாங்கி
கயிற்றுக்குத் தாங்காத ஒன்று
எந்தப் பட்டியலிலும் இல்லை.

நைலான் திருகு போட்டோம்.
கம்பியின் நுனியில் பிளாஸ்டிக் பையைக் கட்டி
லென்சு கழுவும் தண்ணீர்ப் புட்டிகளை
ஒவ்வொன்றாக உள்ளே வைத்தான்.
லாரி லாரியாகக் குலை நிறுக்கிறவன்
கிராம் கிராமாக எழுதிக்கொண்டான்.
பதினோராவது புட்டியில், டிக்.
பை விழுந்தது. ஜேசன் கைதட்டினான்.
இரண்டாவது திருகு, பதினொன்று.
மூன்றாவது ஒன்பதிலேயே போனது.
அதற்கு யாரும் காரணம் சொல்லவில்லை,
நான்காவதை மாட்டினேன்.

வெளிநீட்டிய முனைகளையெல்லாம் டேப்பால் மூடி
தலையில் போட்டுக்கொண்டே கிளம்பினான்.
நான் ரசீது எழுத உட்கார்ந்தேன்.
நைலான் திருகு நான்கு,
இரண்டு வெள்ளி நாற்பது.
கூலி, இருபது.
உத்தரவாதம் என்று அச்சடித்த கட்டத்தில்
என்ன எழுதுவதென்று பேனா நின்றது.

படிக்கட்டின் தாழ்ந்த நிலைச்சட்டத்தில்
எதுவோ இடிக்கும் சத்தம்.
டிக்.
பிறகு கீழேயிருந்து அவன் குரல்,
சந்தோஷமாக:
“வேலை செய்யுது, மிஸ்!
இன்னொண்ணு எடுத்து வைங்க.”